ஊர் வாட்ஸ்அப் குழுவை ஒழுங்குபடுத்துவது எப்படி: எண், ஒப்புதல், ஆவணம்

இராமேசுவரம் தீவிலும் மண்டபம், தேவிபட்டினம், தொண்டிக் கரைகளிலும் ஊருக்கு ஒரு வாட்ஸ்அப் குழுவாவது இருக்கிறது. புயல் கூண்டு ஏற்றிய செய்தி, கடலுக்குப் போக மீன்வளத் துறை தரும் அனுமதிச் சீட்டான டோக்கன் இன்று கிடையாது என்ற அறிவிப்பு, திருவிழா வரி, அறுந்துபோன வலையைத் தேடும் குரல் பதிவு, மீன்பிடித் தடைக்கால நிவாரணத்துக்கான வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கப் படம் என எல்லாமே அந்த ஒரே குழுவில் வந்து விழுகின்றன. எங்கள் ஊர்க் குழுவைப் பிரித்து அடுக்கி முடித்த பிறகு, அதே வேலையில் இறங்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். குழு தொடங்குவதும் அட்மின் ஆக்குவதும் உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் தாளில் பிரியுங்கள்

கைபேசியைத் தொடுவதற்கு முன், கடந்த ஒரு வாரத்தில் குழுவில் வந்தவற்றை ஒரு தாளில் வகை வகையாக எழுதுங்கள். டோக்கன் செய்தி விசைப்படகுக்காரர்களுக்கு மட்டுமே தேவைப்படுவதும், கடற்பாசி எடுக்கும் பெண்களின் விலைப் பேச்சு அரசியல் காணொளிகளுக்கு நடுவே காணாமற்போவதும் அப்போது கண்ணில் படும். எங்களுக்கு நான்கு வகைகள் போதுமானவையாக இருந்தன: எல்லோருக்குமான அறிவிப்பு, விசைப்படகு, நாட்டுப்படகு, பாசி எடுக்கும் பெண்கள். ஆவணங்களுக்கென்று குழு எதையும் தொடங்கவில்லை. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

பிறகு, வாட்ஸ்அப் 2022 நவம்பரில் கொண்டுவந்த ‘சமூகம்’ என்ற வசதியைத் திறந்து, இந்தக் குழுக்களை அதன் கீழே கொண்டுவாருங்கள். அறிவிப்புக் குழு தானாகவே உருவாகும். அதில் அட்மின்கள் மட்டுமே அறிவிப்பு இட முடியும்.

எண் எங்கே தெரிகிறது, எங்கே மறைகிறது

பலரும் தடுக்கி விழும் இடம் இதுதான் என்பதால் நிதானமாகப் படியுங்கள். சமூகத்தின் அறிவிப்புக் குழுவில் ஓர் உறுப்பினரின் எண்ணை மற்ற உறுப்பினர்கள் பார்க்க முடியாது. அட்மின்கள் மட்டுமே பார்க்கலாம். இதை வைத்து, சமூகம் முழுவதிலும் எண்கள் மறைந்திருக்கின்றன என்று எண்ணிவிடக் கூடாது. அதே உறுப்பினர் கீழேயுள்ள ஏதேனும் ஒரு குழுவில் சேர்ந்தவுடன், அக்குழுவில் இருக்கும் அனைவருக்கும் அவருடைய எண் தெரிந்துவிடும். ஒரு குழுவில் 1024 பேர் வரை இருக்கலாம் என்பதை நினைத்துப் பார்த்தால், பாசி எடுக்கும் பெண்களின் குழுவை ஏன் சிறியதாகவும், அவர்களிலேயே ஒருவரை அட்மினாகக் கொண்டும் வைக்க வேண்டும் என்பது விளங்கும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஏற்கெனவே இருக்கும் பழைய குழுவைச் சமூகத்துடன் இணைத்தால், அதிலுள்ள அனைவரும் அவர்களைக் கேட்காமலேயே அறிவிப்புக் குழுவுக்குள்ளும் வந்துவிடுவார்கள். ஆகவே நான் பழைய குழுவை இணைப்பதில்லை. புதிய குழுவைத் தொடங்கி, அழைப்பு இணைப்பை அனுப்பி, விரும்புகிறவர்கள் தாமே அதைத் தொட்டு வரும்படி விடுகிறேன். இதற்குக் கூடுதல் நாள் பிடிக்கும் என்றாலும், வந்தவர்கள் விரும்பி வந்தவர்கள் என்று உறுதியாகச் சொல்ல முடிகிறது. குழு அமைப்புகளில், புதியவர்களை அட்மின் ஏற்ற பிறகே சேர்க்கும் வசதியையும் இயக்கிவிடுங்கள்.

உறுப்பினர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. தனியுரிமை அமைப்பில் ‘குழுக்கள்’ என்ற இடத்துக்குச் சென்று, தம்மை யார் சேர்க்கலாம் என்பதை ‘எனது தொடர்புகள்’ என்று மாற்றச் சொல்லுங்கள். அதன் பிறகு, அவர்களுடைய தொடர்புப் பட்டியலில் இல்லாத எவரும் நேரடியாகச் சேர்க்க முடியாது. தனிச்செய்தியில் அழைப்பு மட்டுமே அனுப்ப முடியும்.

ஒப்புதல் கேட்பது

2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. வீட்டு உபயோகத்துக்காக ஒருவர் வைத்திருக்கும் எண்களுக்கு அச்சட்டம் பொருந்தாது. ஆனால் ஒப்புதல் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு அது தரும் அளவுகோல் ஊர்க் குழுவுக்கும் உதவும்: ஒப்புதல் கட்டாயமின்றி, குறிப்பிட்ட நோக்கத்துக்காக, விவரம் தெரிந்து, நிபந்தனை இல்லாமல், தெளிவான செயலால் தரப்பட வேண்டும், கொடுத்தது எவ்வளவு எளிதோ அவ்வளவு எளிதாகத் திரும்பப் பெறவும் இயல வேண்டும்.

நாங்கள் அனுப்பும் செய்தி இது: “வானிலை அறிவிப்புக்காக உங்கள் எண்ணை அறிவிப்புக் குழுவில் சேர்க்கலாமா? அங்கே அட்மின்களுக்கு மட்டுமே உங்கள் எண் தெரியும். வேறு குழுவில் சேர்ப்பதானால் தனியாகக் கேட்போம். வேண்டாம் என்றால் மீனவர் சங்கப் பலகையிலும் அறிவிப்பைப் பார்க்கலாம். எப்போது வேண்டுமானாலும் விலகலாம்.” சங்கப் பலகையைப் பற்றிய வரியை வெட்டிவிடாதீர்கள். குழுவில் சேராவிட்டால் புயல் செய்தியே கிடைக்காது என்ற நிலையில் ஒருவர் தரும் சம்மதத்தை விருப்பமான சம்மதம் என்று கொள்ள முடியாது. பதில் வராவிட்டால், வரவில்லை என்றே குறித்துக்கொள்ளுங்கள்.

கடற்கரை ஊர்களில் சங்கப் பட்டியலில் அண்ணனின் பெயருக்கு எதிரே மதினியின் எண் இருப்பது வழக்கம். அண்ணன் கடலில் இருக்கும்போது கரையில் யாரிடம் பேச வேண்டும் என்பதற்காகக் கொடுத்த எண் அது. அண்ணன் “சேர்த்துக்கொள்ளுங்கள் தம்பி” என்று சொல்வது அந்த எண்ணுக்கான ஒப்புதல் ஆகாது. மதினியிடமே கேளுங்கள்.

ஆவணங்கள்

நிவாரண மனுவுக்கும், கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாப் பயணத்துக்கும் ஆதார் நகல் கேட்கும் காலங்களில், குழு முழுவதும் அடையாள அட்டைப் படங்களால் நிரம்பிவிடுகிறது. அட்மின் அழித்தாலும், அதற்குள் வேறொருவர் எடுத்துவைத்த படம் அழியாது. குழு அமைப்பில் உரையாடலை ஏற்றுமதி செய்வதையும் படங்கள் தானாகத் தரவிறங்குவதையும் தடுக்கும் கூடுதல் தனியுரிமை வசதி 2025இல் வந்திருக்கிறது. அதை இயக்குங்கள், ஆயினும் கைபேசித் திரையைப் படமெடுப்பதை அது தடுக்காது.

ஒருமுறை மட்டும் பார்க்கும் படமாக அனுப்பச் சொல்கிறவர்கள் உண்டு. மனுவை நிரப்புகிறவர் கணக்கு எண்ணைப் பாதி எழுதுவதற்குள் படத்தை மூடிவிட்டால் மீண்டும் கேட்க வேண்டும் என்பதால் அது எனக்குப் பிடிக்கவில்லை. கூகுள் படிவம் வைத்தால், விடைகளின் சுருக்கத்தை நிரப்பியவர்களுக்கும் காட்டும் அமைப்பு அணைந்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். என்னைக் கேட்டால், தாள் நகலைச் சங்கத்தில் நேரில் கொடுத்து, வேலை முடிந்ததும் திரும்ப வாங்குவதே நல்லது. ஆதாரின் கடைசி நான்கு எண்களை மட்டும் காட்டும் நகலை ஆதார் ஆணையத்தின் தளத்திலிருந்து எடுக்கலாம். அதை ஏற்கும் இடங்களில் அதையே கொடுங்கள்.

சிக்னல் செயலியில் எண்ணை மறைத்துப் பயனர் பெயரால் பேசலாம். தனியுரிமைக்கு அதுவே மேல். ஆனால் நாட்டுப்படகுப் பெரியவர்களை வாட்ஸ்அப்பிலிருந்து நகர்த்த என்னால் ஆகாது.

படகு பிடிபட்ட நாளில்

இலங்கைக் கடற்படை படகைப் பிடித்துவிட்டால், மீனவர்களின் படம், வயது, வீட்டு முகவரி, மனைவியின் எண் எல்லாம் ஒரே செய்தியாகி ஊர் ஊராகப் பரவிவிடும். விடுவித்துத் தருவதாகச் சொல்லிப் பணம் கேட்கும் அழைப்புக்கு அந்த எண் வழிவிடுகிறது. வெளியே போகும் செய்தியில் படகின் பதிவு எண்ணும், பிடிபட்டவர்களின் எண்ணிக்கையும், சங்கப் பொறுப்பாளர் ஒருவரின் எண்ணும் போதும். பெயரும் படமும் குடும்பத்தார் சம்மதித்த பிறகே போக வேண்டும். அதிகாரிகளுக்கான முழுப் பட்டியலைத் தனியாகக் கொடுங்கள். இதற்கான மாதிரிச் செய்தியை இப்போதே எழுதி அட்மின்களிடம் கொடுத்துவையுங்கள். அன்றைய அழுகைக்கு நடுவே யாருக்கும் யோசிக்க நேரமிருக்காது.

பிற்சேர்க்கை

இதைப் படித்துவிட்டுத் தொண்டிப் பக்கத்திலிருந்து ஒருவர், விலகுவது ஊருக்கே தெரிந்துவிடுமே என்று பெண்கள் தயங்குவதாக எழுதியிருந்தார். குழுவிலிருந்து வெளியேறினால் இப்போது பொது அறிவிப்பு வராது. அட்மின்களுக்கு மட்டுமே தகவல் செல்லும். ஆயினும், அண்மையில் விலகியவர்களின் பட்டியலைத் தேடிப் பார்ப்பவர் காண முடியும் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

மற்றொருவர், அழைப்பு இணைப்பை மாற்றியமைத்த பிறகு தேநீர்க் கடைச் சுவரில் ஒட்டியிருந்த கியூஆர் தாள் வேலை செய்யவில்லை என்றார். பழைய இணைப்பு செத்துவிடும் என்பதால் அப்படித்தான் ஆகும். சுவரில் ஒட்டவே வேண்டாம். இணைப்பை ஆளுக்கு ஆள் அனுப்புங்கள்.

சிம் மாற்றியவர்களின் பழைய எண் வேறொருவருக்குப் போய்ச் சேர்ந்து, முன்பின் தெரியாதவர் குழுவில் உட்கார்ந்திருப்பதைச் சிலர் சுட்டிக்காட்டினார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுக்காரர்கள் கரையில் இருப்பார்கள். அந்த நாட்களில் உறுப்பினர் பட்டியலை எடுத்து, ஒவ்வோர் எண்ணுக்கும் அழைத்துப் பேசி, பதில் சொல்பவர் யாரென்று கேட்டு, பொருந்தாத எண்களை நீக்கிவிடுங்கள்.