கெட்டிலில் படிந்த உப்பும் சிட்ரிக் அமிலமும்

எங்கள் வீட்டில் போர் தண்ணீர்தான். மின்சாரக் கெட்டிலின் அடியில் வெள்ளையாக உப்பு கட்டி, தண்ணீர் கொதிக்க நேரமாகிக்கொண்டே போனது. சுரண்டினால் கீறல்தான் விழுந்தது.

மளிகைக் கடையில் 'எலுமிச்சை உப்பு' என்று கேட்டு வாங்கினேன். சிட்ரிக் அமிலம்தான் அது. 1784-இல் வேதியியலாளர் ஷீலே அதை எலுமிச்சைச் சாற்றிலிருந்து பிரித்தெடுத்தார். இன்று பெரும்பாலும் ஆஸ்பெர்ஜில்லஸ் நைஜர் என்ற பூஞ்சையைக் கொண்டு சர்க்கரையைப் புளிக்க வைத்துத் தயாரிக்கிறார்கள்.

முதல் தடவை ஒரு லிட்டர் தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி போட்டுக் கொதிக்கவிட்டேன். நுரைத்தது, ஆனால் புதிதாக ஒரு வெள்ளைப் படலம் ஒட்டிக்கொண்டது. காரணம் அப்புறம்தான் புரிந்தது: படிந்த உப்பிலுள்ள கால்சியமும் இந்த அமிலமும் சேர்ந்து உண்டாகும் கால்சியம் சிட்ரேட் சூடான நீரில் குறைவாகவே கரையும். மறுநாள் அதே அளவை வெதுவெதுப்பான நீரில் கலக்கி ஊற்றி, ஒரு மணி நேரம் விட்டேன். அடிப்பாகம் பளபளவென்று வந்துவிட்டது. நன்றாக அலசி, ஒருமுறை வெறும் தண்ணீர் கொதிக்கவைத்துக் கொட்டினேன்.

சமையலில் சேர்க்கும் பொருள்தானே என்று அலட்சியம் வேண்டாம். தூள் கண்ணில் பட்டால் கடுமையாக எரியும். உடனே நிறைய தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். கையுறை நல்லது. பிளீச்சிங் பவுடரோடு சேரவே கூடாது, குளோரின் வாயு கிளம்பும். கடப்பைக் கல், மார்பிள் மேடையில் சிந்தினால் கல்லையே அரித்து மங்கலாக்கிவிடும். நான் கெட்டிலைத் தொட்டியில் வைத்துத்தான் செய்கிறேன்.