வீட்டில் மார்ஃபின் மாத்திரை கொடுப்பது எப்படி?

புற்றுநோய் வலிக்கு டாக்டர் மார்ஃபின் எழுதிக் கொடுத்ததுமே வீட்டில் பேச்சு கிளம்பிவிடும். "இதெல்லாம் கடைசிக் கட்டத்துல குடுக்கறதாச்சே" என்பார் ஒருவர், "பழக்கமாயிடும், வேண்டாம்" என்பார் இன்னொருவர். இரண்டையும் ஓரமாக வைத்துவிட்டு, அந்த மாத்திரை உள்ளே போய் என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள், பாதி பயம் போய்விடும்.

மூளை, தண்டுவடம், குடல் என்று பல இடங்களில் நரம்புச் செல்கள் மேல் ஓபியாய்டு ஏற்பிகள் இருக்கின்றன. இவை வலியைக் குறைக்க நம் உடம்பே சுரக்கிற எண்டார்ஃபின், என்கெஃபலின் போன்றவை வந்து ஒட்டுகிற இடங்கள். 1973-ல் இந்த ஏற்பிகள் இருப்பது சோதனையில் தெரிந்தது, 1975-ல் ஸ்காட்லாந்தின் அபர்டீனில் ஹியூஸ், காஸ்டர்லிட்ஸ் என்ற இரு விஞ்ஞானிகள் பன்றி மூளையிலிருந்து என்கெஃபலினைப் பிரித்துக் காட்டினார்கள். நம் உடம்பின் என்கெஃபலினை நொதிகள் சீக்கிரமே உடைத்துவிடும். மார்ஃபின் அதே ஏற்பியில் ஒட்டி, வலிச் செய்தி மேலே போவதைக் குறைக்கிறது, சாதா மாத்திரையின் வேலை சுமார் 4 மணி நேரம் நிற்கும்.

அதனால்தான் 4 மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுக்கச் சொல்கிறார்கள். வலி வந்தபின் கொடுக்கலாம் என்று காத்திருக்காதீர்கள், ஏறிவிட்ட வலியை இறக்குவது கஷ்டம். காலை 6, 10, மதியம் 2, மாலை 6, இரவு 10 என்று போனில் அலாரம் வைத்து, கொடுத்ததும் ஒரு நோட்டில் எழுதுங்கள். இடையில் வலி வந்தால் எவ்வளவு கூடுதலாகக் கொடுக்கலாம், இரவு 10-லிருந்து காலை 6 வரை இடைவெளி நீளம் என்பதால் இரவு டோஸ் எவ்வளவு என்பதை முதல் நாளே டாக்டரிடம் கேட்டு அதே நோட்டில் குறித்துவிடுங்கள், நீங்களாகக் கூட்ட வேண்டாம். அட்டையில் எஸ்.ஆர். என்று இருந்தால் அது மெதுவாகக் கரைகிற வகை, கொடுக்கும் நேரமே வேறு, அதைப் பொடிக்கவும் கூடாது.

அடுத்தது குடல். பலர் கோட்டை விடுவது இங்கேதான். பேதிக்குக் கொடுக்கிற லோபரமைடும் இதே வகை ஏற்பியில்தான் ஒட்டுகிறது. வழக்கமான அளவில் அது மூளைக்குள் தங்காததால் குடலை மட்டும் மந்தமாக்குகிறது. மார்ஃபின் இரண்டு இடத்திலும் வேலை செய்யும். குமட்டலும் தூக்கக் கலக்கமும் பெரும்பாலும் சில நாளில் அடங்கிவிடும், மலச்சிக்கல் மட்டும் அடங்காது, மாத்திரை உள்ள வரை இருக்கும். ஆகவே பிசகோடில் போன்ற மலமிளக்கியையும் முதல் நாளிலிருந்தே கேட்டு வாங்குங்கள். இசப்கோல் என்ற நார்ப்பொடியை நம்பாதீர்கள், தண்ணீர் அதிகம் குடிக்க முடியாத நோயாளிக்கு அது இன்னும் அடைத்துக்கொள்ளும்.

மூச்சைக் கட்டுப்படுத்தும் மூளைத்தண்டிலும் இந்த ஏற்பிகள் உண்டு. சரியான அளவில், படிப்படியாகக் கூட்டினால் பெரும்பாலும் பிரச்சினை வராது, ஆனால் கூடவே மதுவோ டாக்டருக்குத் தெரியாமல் தூக்க மாத்திரையோ சேர்ந்தால் ஆபத்து. தட்டி எழுப்பினாலும் எழவில்லை, மூச்சு மிக மெதுவாக விட்டுவிட்டு வருகிறது, கண்மணி ஊசிமுனை போல் சுருங்கியிருக்கிறது என்றால் அடுத்த டோஸைக் கொடுக்காமல் 108-ஐக் கூப்பிட்டு, மார்ஃபின் சாப்பிடுபவர் என்று முதலிலேயே சொல்லுங்கள். ஏற்பியிலிருந்து மார்ஃபினை விலக்கிவிடும் நலாக்ஸோன் என்ற ஊசி இருக்கிறது. சிறுநீர் குறைந்தாலோ கை கால் வெட்டி வெட்டி இழுத்தாலோ உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். சிறுநீரகம் மந்தமானால் மார்ஃபின் உடைந்து உண்டாகும் பொருட்கள் உடம்பிலேயே தேங்கும்.

சரி, பழக்கம்? சில வாரம் சாப்பிட்டால் உடம்பு அதற்குத் தக்கபடி தன்னை மாற்றிக்கொள்ளும், திடீரென்று நிறுத்தினால் வியர்வை, மூக்கொழுகல், பேதி எல்லாம் வரும். போதைக்கு ஏங்குவது என்பது வேறு விஷயம்; வலிக்காகச் சரியான மேற்பார்வையில் சாப்பிடுகிறவர்களிடம் அது குறைவு. வலி குறைந்துவிட்டால் டாக்டர் சொல்கிறபடி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும், அவ்வளவுதான்.

மாத்திரையைப் பூட்டி வையுங்கள், எண்ணி வையுங்கள். மீந்ததைக் கொடுத்த மருத்துவமனையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள், பக்கத்து வீட்டுத் தாத்தாவின் மூட்டுவலிக்கு என்று யார் கேட்டாலும் ஒன்றுகூடத் தராதீர்கள்.