மெதேன் கசிவைத் தேடி, அளந்து, அடைக்கப் பழகுவோம்

வவுணதீவுப் பக்கம், படுவான்கரையில் உள்ள என் அக்கா வீட்டு மாட்டுக்கொட்டிலுக்குப் பின்னால், சாணத்திலிருந்து சமையல் வாயு எடுக்கும் ஓர் உயிர்வாயுத் தொட்டி இருக்கிறது. ஆறு மாடுகளின் சாணம் அதற்குத் தீனி. கட்டிய புதிதில் காலைத் தேநீரும் மத்தியானச் சோறும் கறியும் அந்த வாயுவிலேயே ஆகின. வளைகுடாவில் ஒப்பந்தம் முடிந்து நான் ஊர் திரும்பியபோது, சோறு பாதி வேகும்போதே அடுப்பு அணைந்துவிடுகிறது என்று அக்கா குறைப்பட்டார். "மாடுகளை மேய்ச்சலுக்கு விட்டுவிடுகிறோம், தம்பி. சாணம் போதவில்லை" என்பது அவருடைய கணிப்பு. யாரும் அளந்து பார்க்கவில்லை.

வளைகுடாவில் ஓர் எரிவாயு நிலையத்தில் கசிவு தேடும் குழுவில் நான் வேலை செய்தேன். எண்ணெய், எரிவாயுத் துறையிலும் நெடுங்காலம் இதே கதைதான். ஒரு வால்வுக்கு இவ்வளவு, ஓர் இணைப்புக்கு இவ்வளவு என்று ஒரு சராசரியை வைத்துக்கொண்டு, அதை உபகரணங்களின் எண்ணிக்கையால் பெருக்கி, வரும் விடையையே வெளியேற்றமாக அறிக்கையில் எழுதுவார்கள். அமெரிக்காவில் ஆய்வாளர்கள் களத்தில் இறங்கி அளந்து 2018இல் வெளியிட்ட ஆய்வு, அந்த நாட்டின் உற்பத்தியில் ஏறத்தாழ 2.3 வீதமான எரிவாயு காற்றில் கலக்கிறது என்று கண்டது. அரசாங்கத்தின் காகிதக் கணக்கைவிட அது ஏறக்குறைய 60 வீதம் அதிகம். எங்கே கூடுதலாகப் போகிறது என்பதை எந்தச் சராசரியும் சொல்லாது. போய்ப் பார்த்துத்தான் ஆகவேண்டும்.

நிலத்தடி எரிவாயுவிலும் சாணவாயுவிலும் பெரும்பகுதி மெதேன்தான். ஆகவே எரிவாயு வயலில் செய்யும் அந்த வேலையின் அடிப்படையை அக்கா வீட்டுத் தொட்டியை வைத்தே கற்றுக்கொள்ளலாம். வளைகுடா வேலைக்குப் புறப்படும் நம் பகுதி இளைஞர்களுக்கும், வீட்டில் உயிர்வாயுத் தொட்டி வைத்திருப்பவர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். மன்னார்க் கடற்படுகையிலும் 2011இல் எரிவாயு கண்டுபிடிக்கப்பட்டது. ஒருநாள் அது வெளியே எடுக்கப்பட்டால், கசிவு தேடத் தெரிந்தவர்கள் நம்மிடையே இருக்கவேண்டும் என்பது என் ஆசை.

மெதேனுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. காற்றைவிட இலேசானது. காற்றில் 5 முதல் 15 வீதம் வரை கலந்திருக்கும்போது தீப்பொறி பட்டால் வெடிக்கும். வளிமண்டலத்துக்குப் போனால் ஏறத்தாழ 12 ஆண்டுகள் தங்கும். நூறாண்டுக் கணக்கில் பார்த்தால் காபனீரொட்சைட்டைவிடச் சுமார் 28 மடங்கும், இருபதாண்டுக் கணக்கில் 80 மடங்குக்கு மேலும் வெப்பத்தைப் பிடித்து வைக்கும். சீக்கிரம் மறைந்துவிடும் வாயு என்பதால், இன்று அடைக்கும் கசிவின் பலனை நம் வாழ்நாளிலேயே காணலாம். 2021இல் கிளாஸ்கோ காலநிலை மாநாட்டில் பல நாடுகள் சேர்ந்து, 2030க்குள் மெதேன் வெளியேற்றத்தை 2020இன் அளவிலிருந்து 30 வீதம் குறைப்பதாக உறுதியெடுத்ததற்கும் இதுவே காரணம்.

தொடங்குவதற்கு முன் ஓர் எச்சரிக்கை. சோதனை செய்யும் இடத்தில் பீடி, விளக்கு, தீக்குச்சி எதுவும் கூடாது. தொட்டிக்குள் எக்காரணம் கொண்டும் இறங்காதீர்கள். உள்ளே மூச்சுவிடக் காற்று இருக்காது. சாணவாயுவில் கலந்திருக்கும் ஐதரசன் சல்பைட்டு கூழ்முட்டை போல நாறும். ஆனால் அளவு கூடும்போது மூக்கின் உணர்வையே மரக்கச் செய்துவிடும். நாற்றம் நின்றுவிட்டது என்பதால் ஆபத்து நீங்கிவிட்டது என்று எண்ணிவிடாதீர்கள்.

தேவையான பொருட்கள் வீட்டிலேயே கிடைக்கும்: பாத்திரம் கழுவும் திரவ சவர்க்காரம், ஒரு தூரிகை, இரண்டு மீற்றருக்குக் குறையாத தெளிவான பிளாஸ்டிக் குழாய், ஒரு லீற்றர் போத்தல், வாளி, தடித்த பொலித்தீன் பை, ஒட்டுநாடா, மணிக்கூடு, கொப்பி.

படி 1: வரைந்து எண்ணுங்கள்

தொட்டியின் கழுத்திலிருந்து அடுப்பு வரை வாயு போகும் பாதையைக் கொப்பியில் வரையுங்கள். ஒவ்வொரு வால்வுக்கும், முழங்கை இணைப்புக்கும், குழாய் நுனிக்கும் ஓர் இலக்கம் கொடுங்கள். அக்கா வீட்டில் மொத்தம் பதினான்கு வந்தன. பெரிய எரிவாயு நிலையத்தில் இவை பல்லாயிரக்கணக்கில் இருக்கும். ஒவ்வொன்றிலும் இலக்கத் தகடு தொங்கும்.

வாயு வெளியேறும் வழிகள் மூன்று என்பதையும் இங்கேயே குறித்துக்கொள்ளுங்கள். தெரியாமல் ஒழுகுவது ஒன்று. நாமே திறந்துவிடுவது இன்னொன்று. எரித்தும் முழுதாக எரியாமல் தப்புவது மூன்றாவது. எண்ணெய் வயலிலும் இதே மூன்றுதான்.

படி 2: அழுத்தத்தைப் பாருங்கள்

தெளிவான குழாயை U வடிவத்தில் வளைத்து ஒரு பலகையில் கட்டி, நிறம் கலந்த தண்ணீரைப் பாதிவரை ஊற்றுங்கள். பிரதான வால்வுக்கும் அடுப்பு வால்வுக்கும் இடைப்பட்ட குழாயில் ஒரு நுனியை இணையுங்கள். மறு நுனி திறந்தே இருக்கட்டும். பிரதான வால்வை மெல்லத் திறந்து வாயுவை விட்டால் ஒரு பக்கம் தண்ணீர் இறங்கும், மறு பக்கம் ஏறும். அந்த உயர வித்தியாசமே அழுத்தம். இப்போது இரண்டு வால்வுகளையும் மூடி, மட்டத்தைக் குறித்துவிட்டு ஒரு மணி நேரம் காத்திருங்கள்.

புதியவர்கள் இந்த இடத்தில்தான் ஏமாந்துபோவார்கள். மூடிய குழாயில் உள்ள வாயு ஒரே ஒரு பாகை செல்சியஸ் குளிர்ந்தாலும் நீர்மட்ட வித்தியாசம் ஏறத்தாழ 3.4 சென்ரிமீற்றர் குறைந்துவிடும். மாலை வெயில் சாயும்போது செய்தால், கசிவே இல்லாத குழாயும் ஒழுகுவதுபோலத் தெரியும். நான் முதல் தடவை பின்னேரத்தில் செய்தபோது மட்டம் இறங்கியது. மறுநாள் விடியுமுன், காற்றும் வெயிலும் இல்லாத நேரத்தில் செய்தபோது அசையவே இல்லை. குழாய் நல்ல நிலையில் இருக்கிறது, குறை தொட்டிப் பக்கம் என்று அப்போதுதான் தெளிவாயிற்று. வளைகுடாவிலும் வெப்பநிலையைப் பக்கத்தில் எழுதாத அழுத்தப் பதிவை எங்கள் மேற்பார்வையாளர் ஏற்கமாட்டார்.

படி 3: சவர்க்காரக் குமிழி

ஒரு கோப்பைத் தண்ணீரில் இரண்டு மூன்று கரண்டி திரவ சவர்க்காரம் கலந்து, தொட்டியில் நல்ல அழுத்தம் இருக்கும்போது ஒவ்வொரு இணைப்பிலும் தூரிகையால் தடவுங்கள். ஒவ்வொன்றையும் ஒரு நிமிடமாவது உற்றுப் பாருங்கள். ஆடி மாதத்துக் கச்சான் காற்றில் சவர்க்காரம் தடவிய கையோடு காய்ந்துவிடும். ஆகவே விடியற்காலையே நல்லது.

அக்காவின் பிரதான வால்வில் தடவியபோது நான் கண்டது இதுதான். உடம்பில் ஒன்றும் இல்லை. இரு பக்கத் திருகுகளிலும் ஒன்றும் இல்லை. ஆனால் கைப்பிடித் தண்டு உள்ளே நுழையும் இடத்தில், கடுகளவு குமிழிகள் ஒன்றன் பின் ஒன்றாகப் பிறந்து, ஒட்டிக்கொண்டு, சிறு நெல்லிக்காய் அளவுக்கு நுரை திரண்டது. துடைத்துவிட்டால் மறுபடி திரண்டது. வெளியில் பார்க்க அந்தப் பித்தளை வால்வுக்கு எந்தக் குறையும் இல்லை. ஐதரசன் சல்பைட்டு உள்ளிருந்து அரித்திருக்கிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். கசிவு மிகப் பெரிதாக இருந்தால் குமிழி வராது. வாயு சவர்க்காரத்தையே ஊதித் தள்ளிவிடும். குமிழி இல்லை என்று எழுதும் முன் காதை அருகே வைத்து, சீறும் ஒலி கேட்கிறதா என்று பாருங்கள்.

எரிவாயு நிலையத்தில் இந்த வேலையைச் செய்ய அகச்சிவப்புக் கமரா இருக்கிறது. ஏறத்தாழ 3.3 மைக்ரோமீற்றர் அலைநீளத்தில் மெதேன் அகச்சிவப்பு ஒளியை உறிஞ்சுவதால், கண்ணுக்குத் தெரியாத வாயு அந்தத் திரையில் புகைபோல அலையும். முதன்முறை பார்த்தபோது உடல் சிலிர்த்தது எனக்கு நினைவிருக்கிறது. சுத்தமான, அமைதியான ஒரு குழாய்வரிசை கமராவுக்குள் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது. ஆனாலும் சவர்க்காரம் மதிப்பிழக்கவில்லை. அமெரிக்கச் சூழல் பாதுகாப்பு அமைப்பின் 21ஆம் இலக்கச் சோதனை முறை இன்றும் அதை அனுமதிக்கிறது.

படி 4: எவ்வளவு என்று அளவுங்கள்

கசிவைக் கண்டதும் திருகாணியைத் தேடி ஓடாதீர்கள். முதலில் அளவுங்கள். அளக்காமல் அடைத்தால், எவ்வளவு மிச்சப்படுத்தினீர்கள் என்பது உங்களுக்கே தெரியாமல் போய்விடும்.

கசியும் வால்வைச் சுற்றிப் பொலித்தீன் பையைத் தளர்வாகக் கட்டி, ஓரங்களை நாடாவால் இறுக்குங்கள். பைக்குள் ஒரு குழாயைச் செருகி, அங்கும் நாடா சுற்றுங்கள். வாளியில் தண்ணீர் நிரப்பி, போத்தலிலும் தண்ணீரை முழுதாக நிரப்பி, தலைகீழாக வாளிக்குள் வாய் மூழ்கும்படி பிடியுங்கள். பை உப்பி நின்ற பிறகு குழாயின் மறு நுனியைப் போத்தல் வாய்க்குள் கொடுங்கள். வாயு குமிழியாக ஏறித் தண்ணீரைக் கீழே தள்ளும். போத்தல் நிரம்ப எத்தனை நிமிடம் ஆகிறது என்று பாருங்கள். அந்த நேரத்து அழுத்தத்தையும் எழுதுங்கள், ஏனென்றால் அழுத்தம் மாறினால் கசிவும் மாறும்.

1776இல் இத்தாலியின் மஜோரே ஏரிச் சேற்றைக் கிளறி, எழுந்த குமிழிகளை இப்படிப் பிடித்துத்தான் இத்தாலிய விஞ்ஞானி வொல்ற்றா மெதேனைக் கண்டறிந்தார். நம் உன்னிச்சைக் குளத்து ஓரச் சேற்றைக் கோலால் கிளறினாலும் அதே குமிழிகள் எழும்.

அக்காவின் வால்வில் ஒரு லீற்றர் போத்தல் நிரம்பப் பத்து நிமிடம் ஆனது. கணக்குப் பாருங்கள்: நாளொன்றுக்கு 144 லீற்றர். சிறிய உயிர்வாயு அடுப்பு மணிக்கு 200 முதல் 400 லீற்றர் வரை எரிக்கும். ஆகவே தினமும் ஏறத்தாழ அரைமணி நேரச் சமையல் அந்தத் தண்டு வழியே போய்க்கொண்டிருந்தது. ஆண்டுக்கு 52.5 கனமீற்றர். அதில் 60 வீதம் மெதேன் என்று கொண்டால் 31.5 கனமீற்றர். நம் ஊர் வெப்பத்தில் ஒரு கனமீற்றர் மெதேன் ஏறத்தாழ 0.65 கிலோகிராம் என்பதால் சுமார் 20 கிலோகிராம். 28ஆல் பெருக்கினால், அரை தொன்னுக்கு மேற்பட்ட காபனீரொட்சைட்டுக்குச் சமம். ஒரு வால்வு, ஒரு ஆண்டு.

களத்தில் புதியவர்கள் செய்யும் பெரிய தவறு ஒன்றைச் சொல்லவேண்டும். கையில் பிடிக்கும் மோப்பக் கருவி பத்து இலட்சத்தில் இத்தனை பங்கு மெதேன் என்று காட்டும். அது செறிவு. வெளியேறும் அளவு அல்ல. காற்று வீசினால் பெரிய கசிவும் சிறிய எண்ணைக் காட்டும். அளவு வேண்டுமானால் பை கட்டவேண்டும், அல்லது கசிவைச் சுற்றியுள்ள காற்று முழுவதையும் உறிஞ்சி, உறிஞ்சும் வேகத்தையும் அதிலுள்ள செறிவையும் பெருக்கித் தரும் கருவி வேண்டும்.

படி 5: பெரியதை முதலில் அடையுங்கள்

பல கள ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், மிகப் பெரிய 5 வீதக் கசிவுகளே மொத்த அளவின் பாதிக்கு மேல் வெளியேற்றுகின்றன என்று தெரியவந்தது. ஆகவே அளந்த பட்டியலைப் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கி, மேலிருந்து தொடங்குங்கள்.

அக்காவின் பித்தளை வால்வைக் கழற்றிவிட்டு, அரிக்காத பிளாஸ்டிக் வால்வைப் போட்டோம். திருகில் வெள்ளை நாடாவைச் சுற்றும்போது திருகும் திசையிலேயே சுற்றவேண்டும். எதிர்த்திசையில் சுற்றினால் இறுக்கும்போது சுருண்டு வெளியே வந்துவிடும். குவிமாடத்துச் சீமெந்தில் வெடிப்பு என்றால் நீங்களாகக் கை வைக்காதீர்கள். தொட்டி கட்டத் தெரிந்த மேசனை அழையுங்கள்.

எண்ணெய் வயலில் இதற்கு ஒப்பான வேலைகள் நிறைய உண்டு. அழுத்தும் இயந்திரத் தண்டுகளின் தேய்ந்த அடைப்புகளை மாற்றுவார்கள். எரிவாயுவின் அழுத்தத்தாலேயே இயங்கி, ஒவ்வோர் அசைவிலும் சிறிது வாயுவை வெளியே விடும் கட்டுப்பாட்டுக் கருவிகளை, அழுத்திய காற்றால் அல்லது மின்சாரத்தால் இயங்கும்படி மாற்றுவார்கள். சேமிப்புத் தாங்கிகளிலிருந்து எழும் ஆவியைப் பிடித்துத் திரும்பக் குழாயில் சேர்ப்பார்கள். எண்ணெய், எரிவாயுத் துறையின் மெதேனில் ஏறத்தாழ 70 வீதத்தை இன்று கையிலுள்ள தொழில்நுட்பத்தாலேயே தவிர்க்கலாம் என்று சர்வதேச எரிசக்தி முகவரகம் சொல்கிறது. 2024இல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியச் சட்டம் கசிவைத் தேடுவதையும் திருத்துவதையும் நிறுவனங்களின் கட்டாயக் கடமையாக்கியிருக்கிறது.

படி 6: மிஞ்சியதை எரியுங்கள்

திருவிழாவுக்கோ கலியாணத்துக்கோ சில நாள் வெளியூர் போகும்போது தொட்டியில் வாயு தேங்கும். அதைச் சும்மா திறந்துவிடாதீர்கள். ஒரு கிலோகிராம் மெதேனை எரித்தால் 2.75 கிலோகிராம் காபனீரொட்சைட்டு வரும். எரிக்காமல் விட்டால் 28 கிலோகிராமுக்குச் சமமான கெடுதி. அடுப்பில் வைத்து எரியுங்கள், சுடர் நீலமாக இருக்கட்டும். புறப்படுவதற்குச் சில நாள் முன்பே சாணம் இடுவதையும் குறையுங்கள்.

எண்ணெய் வயல்களில் மிஞ்சும் வாயுவை இரவெல்லாம் எரிக்கும் தீக்கோபுரங்கள் தமக்கு வரும் மெதேனில் 98 வீதத்தை அழிக்கின்றன என்றே கணக்கில் எழுதிவந்தார்கள். அமெரிக்காவின் மூன்று பெரிய வயல்களுக்கு மேலே விமானத்தில் பறந்து அளந்தபோது 91.1 வீதமே அழிகிறது என்று 2022இல் தெரியவந்தது. சில கோபுரங்களில் தீயே இல்லை, வாயு மட்டும் போய்க்கொண்டிருந்தது.

படி 7: மறுபடி அளவுங்கள்

திருத்திய அன்றே ஒரு தடவை, ஒரு வாரம் கழித்து இன்னொரு தடவை, பிறகு மாதம் ஒருமுறை. கலிபோர்னியாவின் அலிசோ கன்யன் சேமிப்புக் கிணற்றில் 2015 ஒக்டோபரில் தொடங்கிய கசிவு 2016 பெப்ரவரியில்தான் அடைக்கப்பட்டது. அதற்குள் ஏறத்தாழ 97,000 தொன் மெதேன் போய்விட்டது. அவ்வளவு பெரியவற்றை இப்போது 2017இல் ஏவப்பட்ட ஐரோப்பியச் செய்மதியின் கருவி போன்றவை விண்வெளியிலிருந்தே கண்டுவிடுகின்றன. அக்காவின் வால்வு எந்தச் செய்மதிக்கும் தெரியாது. அதைப் பார்க்க வீட்டில் ஒருவர் வேண்டும்.

புதிய வால்வைச் சுற்றிப் பை கட்டி ஒரு மணி நேரம் காத்திருந்தோம். பை உப்பவில்லை. அன்று மத்தியானம் சோறு முழுதாக வெந்து, மீன் குழம்பும் கொதித்த பிறகும் சுடர் நின்றது. இப்போது கொப்பி அக்காவிடம் இருக்கிறது. சென்ற மாதப் பதிவு அவருடைய கையெழுத்தில் இப்படி: "3ஆம் இலக்கம், குமிழி இல்லை. 13ஆம் இலக்கம், அடுப்புக் குழாய் நுனி, சிறு குமிழி. கிளிப் இறுக்கினேன். மறுபடி பார்த்தேன். இல்லை."