இதய நோய், ரத்த அழுத்தம் உள்ளவர்கள் விறைப்புத் தன்மை மாத்திரை எடுப்பதற்கு முன்

சர்க்கரைக்கு என்ன மாத்திரை, பிரஷருக்கு என்ன மாத்திரை என்று மருத்துவர் கேட்டால் தயங்காமல் சொல்லும் நம் வீட்டு ஆண்கள், விறைப்புத் தன்மைக்காகச் சாப்பிடும் மாத்திரையைப் பற்றி மட்டும் வாய் திறப்பதில்லை. மனைவிக்கும் தெரியாது, மகனுக்கும் தெரியாது. வழக்கமாகப் போகும் மருந்துக்கடையில் கேட்கக் கூச்சப்பட்டு, நான்கு தெரு தள்ளியுள்ள கடையில் வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்கிறார்கள். பெரும்பாலான ஆண்களின் இதயம் இந்த மாத்திரையைத் தாங்கிக்கொள்ளும். ஆனால் சில மருந்துகளோடு சேர்ந்தால் இது உயிருக்கே ஆபத்தாகும் என்பதால், இதை மறைப்பதுதான் உண்மையான அபாயம். ஆகவே யாரிடம் எதைச் சொல்ல வேண்டும், வீட்டில் எதைச் சரிபார்க்க வேண்டும் என்பதை இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

மாத்திரை உடலில் என்ன செய்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்வது நல்லது. வயாகரா என்ற பெயரில் 1998-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற சில்டெனாஃபில், முதலில் நெஞ்சுவலிக்கான மருந்தாகத்தான் ஆராயப்பட்டது. ரத்தக்குழாயின் சுவரில் நைட்ரிக் ஆக்சைடு என்னும் வாயு சுரந்ததும், ஜிஎம்பி என்ற வேதிப்பொருள் பெருகிக் குழாயின் தசை தளர்கிறது. அந்த வேதிப்பொருளைச் சிதைக்கும் நொதியைச் சில்டெனாஃபில், டடலாஃபில், வார்டெனாஃபில் ஆகிய மூன்றுமே தடுக்கின்றன. தளர்வு நீடிப்பதால் ஆணுறுப்புக்குள் ரத்தம் நிறைகிறது. உடலின் மற்ற ரத்தக்குழாய்களும் சற்றே விரிவதால் ரத்த அழுத்தமும் கொஞ்சம் இறங்குகிறது. நல்ல உடல்நிலையில் இருப்பவர் 100 மி.கி. சில்டெனாஃபில் சாப்பிட்டால், மேல் அளவு சராசரியாக 8 புள்ளிகளும் கீழ் அளவு 5 புள்ளிகளும் குறைகின்றன. தலைவலி, முகம் சிவத்தல், மூக்கடைப்பு ஆகியவையும் இந்த விரிவினால் வருபவையே.

இதயத்துக்காக வேறு மருந்து எடுக்காதவருக்கு இந்த இறக்கம் பெரிய விஷயமில்லை. நைட்ரேட் வகை மருந்து எடுப்பவருக்கோ இதுவே உயிராபத்து. நெஞ்சுவலி வந்தால் நாக்கின் அடியில் வைத்துக்கொள்ளும் சார்பிட்ரேட், நைட்ரோகிளிசரின் ஸ்ப்ரே, தினமும் சாப்பிடும் ஐசோசார்பைட் மோனோநைட்ரேட், நைட்ரேட்டின் குணமும் சேர்ந்த நிக்கோரன்டில் ஆகியவை உடலுக்குள் நைட்ரிக் ஆக்சைடு போலவே வேலை செய்பவை. ஒன்று ஜிஎம்பியைப் பெருக்கும், மற்றொன்று அது சிதையாமல் தடுக்கும். இரண்டும் சேர்ந்தால் ரத்த அழுத்தம் திடீரென அதலபாதாளத்துக்கு இறங்கி, இதயத்துக்கே ரத்தம் போதாமல் போகலாம். எனவே இந்த மருந்துகளில் ஏதேனும் ஒன்றை எடுப்பவர், ஒரு முறைகூட, குறைந்த அளவில்கூட, விறைப்புத் தன்மை மாத்திரையைத் தொடக் கூடாது. நுரையீரல் ரத்தக்குழாய் அழுத்தத்துக்கான ரியோசிகுவாட் எடுப்பவருக்கும் இதே தடை பொருந்தும்.

இந்தத் தடையைத் தெரிந்தவர்களும் தவறவிடும் ஓர் இடம் உண்டு. டடலாஃபில் உடலில் பாதியாகக் குறையவே பதினேழு மணி நேரத்துக்கு மேல் ஆகும். சில்டெனாஃபிலுக்கு அது ஏறக்குறைய 4 மணி நேரமே. சில்டெனாஃபில் எடுத்த பிறகு 24 மணி நேரமும், டடலாஃபில் எடுத்த பிறகு 48 மணி நேரமும் நைட்ரேட் கொடுக்கக் கூடாது என்பது மருத்துவர்கள் பின்பற்றும் வழிமுறை. வெள்ளி இரவு டடலாஃபில் சாப்பிட்டவர் ஞாயிறு காலையிலும் அந்த எல்லைக்குள்தான் இருக்கிறார். ப்ராஸ்டேட் வீக்கத்துக்காகத் தினமும் 5 மி.கி. டடலாஃபில் சாப்பிடும் பெரியவர்களில் பலர், தாங்கள் சாப்பிடுவதும் அதே வகை மாத்திரை என்பதை அறியாமல் இருக்கிறார்கள். அவர்கள் உடலில் மருந்து எப்போதும் இருந்துகொண்டே இருக்கும். அட்டையில் கம்பெனி வைத்துள்ள விற்பனைப் பெயரை விட்டுவிட்டு, உள்ளே இருக்கும் மருந்தின் பெயரைப் படிக்கப் பழக வேண்டும்.

இனி மருத்துவரிடம் போகும் முன் செய்ய வேண்டியவை. வீட்டில் இருக்கும் எல்லா மருந்து அட்டைகளையும், எப்போதாவது மட்டும் எடுப்பவை உட்பட, ஒரே பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். ரத்த அழுத்த மாத்திரைகளோடு இதைச் சேர்த்து எடுப்பது பொதுவாகத் தடையில்லை. ஆனால் இறக்கம் கூடும். அம்லோடிபின் எடுப்பவர் 100 மி.கி. சில்டெனாஃபில் எடுத்தபோது, சராசரியாக மேல் அளவு மேலும் 8 புள்ளிகளும் கீழ் அளவு மேலும் 7 புள்ளிகளும் இறங்கியதாகச் சோதனையில் காணப்பட்டது. பிரஷருக்கோ ப்ராஸ்டேட் வீக்கத்துக்கோ தரப்படும் பிராசோசின், டாக்சசோசின், டாம்சுலோசின் போன்ற மருந்துகளோடு சேரும்போதுதான் அதிகக் கவனம் தேவை. அந்த மருந்து நிலையான அளவில் ஒத்துப்போன பிறகே, சில்டெனாஃபிலை 25 மி.கி. அளவில் தொடங்குவார்கள். படுக்கையிலிருந்து சட்டென எழுந்தால் தலைசுற்றி விழும் ஆபத்து இங்கே உண்டு. காளான் தொற்றுக்கான கீட்டோகோனசோல், கிளாரித்ரோமைசின் போன்ற கிருமிக்கொல்லிகள், எச்.ஐ.வி. மருந்தான ரிட்டோனாவிர் ஆகியவை இந்த மாத்திரை உடலிலிருந்து வெளியேறுவதைத் தாமதப்படுத்தி, சிறிய அளவையே பெரிய அளவாக்கிவிடும்.

அடுத்தது, இதயம் உடலுறவுக்கே தயாராக உள்ளதா என்ற கேள்வி. மாத்திரையைவிட இது முக்கியம் என்பது என் எண்ணம். சமதரையில் ஒரு மைலை 20 நிமிடத்தில் நடக்கவும், இரண்டு மாடிப் படிகளை வேகமாக ஏறவும் நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ இல்லாமல் முடிகிறவருக்குப் பொதுவாக ஆபத்து குறைவு. அப்படி முடியாதவரை டிரெட்மில் சோதனைக்கு அனுப்பிய பிறகே முடிவெடுப்பார்கள். கடந்த 6 மாதங்களுக்குள் மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர், ஓய்விலும் நெஞ்சுவலி வருபவர், இதயச் செயலிழப்பு கட்டுக்குள் இல்லாதவர், ரத்த அழுத்தம் 90/50-க்குக் கீழோ 170/110-க்கு மேலோ உள்ளவர் ஆகியோர் இதய மருத்துவரின் அனுமதியின்றி மாத்திரையை எண்ணிக்கூடப் பார்க்க வேண்டாம். மாத்திரை தொடங்குவதற்கு முந்தைய வாரம், காலை மாலை இரு வேளையும் பிரஷரை அளந்து ஒரு தாளில் குறித்துக்கொண்டால், அந்தத் தாளே மருத்துவருக்குப் பாதி விடையைச் சொல்லிவிடும்.

விறைப்புக் குறைபாடு புதிதாகத் தோன்றியவருக்கு இன்னொரு செய்தியும் உண்டு. ஆணுறுப்பின் தமனி 1 முதல் 2 மி.மீ. அகலமே கொண்டது, இதயத் தமனி 3 முதல் 4 மி.மீ. இருக்கும். கொழுப்புப் படிவு சிறிய குழாயை முதலில் பாதிப்பதால், விறைப்புக் குறைவு நெஞ்சுவலிக்கு இரண்டு மூன்று ஆண்டுகள் முன்னதாகவே வருவதுண்டு. ஆகவே மாத்திரை கேட்டுப் போகும் நாளிலேயே சர்க்கரை, கொழுப்பு, இ.சி.ஜி. ஆகியவற்றையும் பார்த்துவிடுங்கள். பிரஷர் மாத்திரையால்தான் இந்தக் குறைபாடு வந்தது என்று நினைத்து அதைத் தாமாக நிறுத்துபவர்கள் இருக்கிறார்கள். சில பழைய மாத்திரைகளால் அப்படி நேரலாம் என்பது உண்மை. அதற்காகவே மாற்று மருந்துகள் உள்ளன. அதை மருத்துவர் மாற்றித் தருவார்.

இந்தியாவில் இவை மருத்துவரின் சீட்டோடு மட்டுமே விற்கப்பட வேண்டியவை. சீட்டில்லாமல் கடையில் தருவதை வாங்காதீர்கள். ‘மூலிகை’, ‘பக்க விளைவே இல்லை’ என்று விளம்பரப்படுத்தப்படும் லேகியங்களிலும் பொடிகளிலும் சில்டெனாஃபிலை ரகசியமாகக் கலந்திருந்ததைப் பல நாடுகளின் மருந்துக் கண்காணிப்பு அமைப்புகள் கண்டுபிடித்துள்ளன. நைட்ரேட் எடுப்பவருக்கு இத்தகைய பொட்டலம், பெயர் எழுதப்படாத அதே மாத்திரைதான்.

அனுமதி கிடைத்தவர் சொன்ன அளவை உடலுறவுக்கு ஒரு மணி நேரம் முன் எடுக்கலாம். கொழுப்பு மிகுந்த விருந்துக்குப் பிறகு எடுத்தால் சில்டெனாஃபில் தாமதமாகவே வேலை செய்யும். வேலை செய்யவில்லை என்று நினைத்து இரண்டாவது மாத்திரை போடுவது தவறு. மது அருந்தியிருந்தால் பிரஷர் இன்னும் இறங்கும் என்பதால் அன்றைக்கு மாத்திரையைத் தவிருங்கள்.

மாத்திரை எடுத்த பின் நெஞ்சில் வலியோ இறுக்கமோ வந்தால், உடனே எல்லாவற்றையும் நிறுத்தி உட்கார்ந்துகொண்டு 108-ஐ அழையுங்கள். தலைசுற்றி மயக்கம் வருவது போல இருந்தால் படுத்துக் கால்களை உயர்த்திக்கொள்ளலாம். பழைய பழக்கத்தில் சார்பிட்ரேட்டை நாக்கின் அடியில் வைக்கக் கூடாது. பக்கத்து வீட்டார் அன்போடு நீட்டினாலும் மறுத்துவிடுங்கள். ஆம்புலன்ஸ் ஊழியர் கேட்கும் முன்பே, எந்த மாத்திரை, எத்தனை மில்லிகிராம், எத்தனை மணிக்கு என்ற மூன்றையும் சொல்லுங்கள். பேச முடியாத நிலை வரலாம் என்பதால், இதே மூன்றையும் மனைவிக்கு முன்கூட்டியே சொல்லி, அட்டையை அவர் கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள்.