அட்வான்ஸ் பணத்தைத் திரும்ப வாங்கிய விதம்

பாளையங்கோட்டை மகாராஜநகரில் நாலு வருஷம் குடியிருந்த வீட்டைக் காலி செய்து சாவியைக் கொடுத்தோம். வாடகை 8,000, அட்வான்ஸ் 24,000. ஒரு மாதம் கழித்துக் கேட்டால், "பெயிண்ட் அடிக்கணும்லா தம்பி, அதுக்கே சரியாப்போச்சு" என்றார் வீட்டுக்கார அண்ணாச்சி. அவர் காட்டிய சுவரில் இருந்தது காலண்டர் மாட்டிய ஆணித் துளை ஒன்றும், அடுப்படிப் புகை படிந்த மஞ்சளும்தான். மகளின் பள்ளிக் கட்டணத்துக்கு நம்பியிருந்த பணம் அது. இரண்டு நாள் தூக்கமே இல்லை.

அப்புறம் தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டத்தைத் தேடிப் படித்தேன். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. காலி செய்த ஒரு மாதத்துக்குள், நாம் தரவேண்டிய பாக்கியை மட்டும் கழித்துக்கொண்டு அட்வான்ஸைத் திருப்பித் தரவேண்டும் என்கிறது 11ஆம் பிரிவு. இரண்டாம் அட்டவணையில் இன்னும் தெளிவு: சுவருக்கு வெள்ளையடிப்பதும் கதவு, ஜன்னலுக்குப் பெயிண்ட் அடிப்பதும் வீட்டுக்காரர் பொறுப்பு. ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தால் கதை மாறும், அதனால் முதலில் அதைப் பாருங்கள். எங்களுடையதில் அப்படி ஒரு வரியும் இல்லை.

சண்டைக்குப் போகவில்லை. அந்தப் பிரிவையும் அட்டவணையையும் குறிப்பிட்டு ஒரு பக்கக் கடிதம் எழுதினேன். அட்வான்ஸ் அனுப்பிய வங்கி நகல், கடைசி கரண்ட் பில் ரசீது, சாவி கொடுத்த அன்று எடுத்த சுவர்ப் படங்கள் எல்லாம் சேர்த்து, ஒப்புகை அட்டையோடு தபாலில் அனுப்பினேன். பத்து நாளில் பணம் வராவிட்டால் இந்தச் சட்டப்படி மனு கொடுப்பேன் என்பது கடைசி வரி.

அட்டை கையெழுத்தோடு திரும்பி வந்த நாலாம் நாள் அண்ணாச்சியே போன் செய்தார். குளியலறைக் குழாய் நாங்கள் உடைத்ததுதான், சரி என்று அதற்கு 350 ஒத்துக்கொண்டேன். மீதி 23,650 அன்று சாயங்காலமே கணக்கில் ஏறியது.