லினக்ஸ் ஹேங் ஆனா கை பவர் பட்டனுக்குப் போகக்கூடாது

நம்ம கடலூர்ல லினக்ஸ் வச்சிருக்கிற நிறைய பேரைப் பாத்துட்டேன், ஸ்கிரீன் ஹேங் ஆன அடுத்த நிமிஷமே பவர் பட்டனை அமுக்கிப் புடிச்சிடுறாங்க, அதோட ஏன் ஹேங் ஆச்சுன்னு தெரிய வேண்டிய தடயமும் போயிடுது. மொதல்ல பாக்க வேண்டியது, நின்னுபோனது ஸ்கிரீன் மட்டுமா இல்ல கெர்னலேவான்னு (கெர்னல்னா ஹார்டுவேரையும் புரோகிராமையும் நடத்துற லினக்ஸோட அடிப்படை).

கேப்ஸ் லாக்கை அமுக்குங்க. லைட்டு மாறுச்சுன்னா கெர்னல் உயிரோட இருக்கு. மாறலன்னா கெர்னல் போச்சுன்னு உடனே முடிவு கட்டுறதுதான் பெரிய தப்பு, ஏன்னா ஸ்கிரீன்ல ஜன்னல்களைக் காட்டுற எக்ஸ் சர்வர் மாட்டிக்கிட்டாலும் லைட்டு மாறாது. டெக்ஸ்ட் ஸ்கிரீனுக்குப் போக கன்ட்ரோல் ஆல்ட் எஃப்3 தட்டுங்க, அதுவும் வரலன்னா போன்ல டெர்மக்ஸ்ங்கிற டெர்மினல் ஆப் வச்சு, நெட்வொர்க் வழியா எஸ்எஸ்ஹெச்ல உள்ள போங்க (எஸ்எஸ்ஹெச் சர்வரை முன்னாடியே போட்டு வைக்கணும், ஹேங் ஆனப்புறம் போட முடியாது). உள்ள போயிட்டா கெர்னல் லாக்கைக் காட்டுற டி-மெசேஜ்ல (dmesg) இன்டெல் கிராஃபிக்ஸ் டிரைவர் ஐ915-ஓட 'ஜிபியு ஹேங்'னோ என்விடியா டிரைவரோட 'எக்ஸ்ஐடி'ன்னோ (Xid) வரி இருக்கான்னு பாருங்க, இருந்தா கிராஃபிக்ஸ் பக்கம்தான் தேடணும். ரேம் ரொம்பி ஸ்வாப்ல (ரேமுக்குப் பதிலா டிஸ்க்ல ஒதுக்குற இடம்) தள்ளாடினாலும் பாக்குறதுக்கு ஹேங் மாதிரியேதான் இருக்கும்.

எதுவுமே வேலைக்காகலன்னா ஆல்ட், பிரிண்ட் ஸ்கிரீன் ரெண்டையும் புடிச்சுக்கிட்டு எஸ், யு, பி (S, U, B) ஒவ்வொண்ணா தட்டுங்க. நெட்ல எல்லாரும் ஆறு எழுத்து சொல்லுவாங்க, ஆனா உபுண்டுல எந்தெந்த எழுத்தை அனுமதிக்கணும்னு சொல்ற செட்டிங் 176, அதாவது 128+32+16, அதனால அந்த ஆறுல இந்த மூணுதான் வேலை செய்யும், டிஸ்க்கைக் காப்பாத்த அது போதும்.

ரீபூட் ஆனதும் டி-மெசேஜ் பாத்துட்டு 'ஒண்ணுமே இல்லியே'ங்கிறாங்க. அது இப்ப ஓடுற பூட்டுக்கு மட்டும்தாங்க, போன பூட்டோட லாக்கைப் பாக்க ஜர்னல்சிடிஎல் -பி -1 (journalctl -b -1). அதுலயும் கடைசி வரி சாதாரணமா இருந்து சட்டுனு நின்னிருந்தா டிஸ்க்ல எழுதுறதுக்குள்ளயே கெர்னல் நின்னிருக்கலாம், அப்ப கெர்னலோட நெட்கன்சோல் (netconsole) வசதியைப் போட்டு லேன் கேபிள் வழியா இன்னொரு மெஷினுக்கு லாக்கை அனுப்புங்க.

தேவனாம்பட்டினம் கடற்கரைப் பக்கம் வீடுன்னா உப்புக் காத்துல ரேம் காண்டாக்ட் அரிக்கலாம், அதனால சாஃப்ட்வேரையே நோண்டிக்கிட்டு இருக்காம ராத்திரி ரேமை சோதிக்கிற மெம்டெஸ்ட் ஓட விடுங்க.

இன்னொண்ணு, டிரைவர், கெர்னல், ரேம்னு மூணையும் ஒரே நாள்ல மாத்தாதீங்க, சரியானாலும் எதனாலன்னு தெரியாது. அப்டேட்டுக்கு அப்புறம் ஆரம்பிச்சதுன்னா கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது வர்ற கிரப் மெனுல பழைய கெர்னல்ல பூட் பண்ணி, அதே வேலையைச் செஞ்சு பாருங்க, அங்கயும் ஹேங் ஆனா அடுத்ததுக்குப் போகலாம்.