நாய்க்கு இருப்பது நாக்கு ஒன்றுதான்: மதுரை வெயிலில் நாம் செய்யும் தவறுகள்

போன சித்திரையில் ஒரு விசேஷத்துக்குக் கிளம்பும்போது எங்கள் நாய் மணியை வீட்டுக்கு மேற்கே இருக்கும் சந்தில் கட்டிவிட்டுப் போனேன். காலை ஒன்பது மணி, நல்ல நிழல், பக்கத்தில் எவர்சில்வர் கிண்ணம் நிறையத் தண்ணீர். இரண்டரை மணிக்கு வந்து பார்த்தால் சந்து முழுக்க வெயில், நிழல் வீட்டுக்கு அந்தப் பக்கம் போயிருந்தது, கிண்ணத்துத் தண்ணீர் கை வைக்க முடியாத சூடு. மணிக்கு எழுந்து நிற்கவே முடியவில்லை. நிழல் நகரும், சங்கிலி நகராது என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

நமக்கு உடம்பெல்லாம் வியர்க்கிறது, காத்தாடி போட்டால் ஜில்லென்று இருக்கிறது. நாய்க்கு வியர்ப்பது பாதத்தில் கொஞ்சம், அவ்வளவுதான். மற்ற சூட்டையெல்லாம் பெரும்பாலும் நாக்கைத் தொங்கப்போட்டு இரைத்துத்தான் வெளியேற்ற வேண்டும், வாயிலும் மூக்கிலும் இருக்கிற ஈரம் காய்ந்தால்தான் உள்ளே சூடு இறங்கும். அதனால் காய்ந்த ரோமத்தின் மேல் காத்தாடிக் காற்று பட்டு பெரிய பிரயோஜனமில்லை, வயிற்றையும் கால்களையும் நனைத்துவிட்டுப் போட்டால்தான் வேலை செய்யும். ஏர் கூலர் வைத்திருப்பவர்கள் ஜன்னலைச் சாத்திவிட்டு நாயை உள்ளே விடுகிறார்கள். கொஞ்ச நேரத்தில் அறை முழுக்க ஈரக்காற்று நிறைந்துவிட, நாய் எவ்வளவு இரைத்தாலும் ஈரம் காயாது. ஜன்னல் திறந்தே இருக்கட்டும். ஆள் வந்தால் கடிக்கும் என்று வாயை இறுக்கிக் கட்டி வைப்பது இதைவிட மோசம், அதற்கு இருக்கிற ஒரே வழியையும் அடைத்துவிடுகிறோம். பக், ஷிட்ஸு மாதிரி சப்பை மூக்கு நாய்களுக்கு அந்த வழி பிறவியிலேயே குறுகல், அவற்றை மத்தியானம் வெளியே கொண்டுவரவே வேண்டாம்.

"ராஜபாளையம்டா, இதுக்கென்ன வெயிலு?" என்று கேட்கும் ஆட்கள் நம் பக்கம் நிறைய. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை எல்லாம் இந்த மண்ணில் வளர்ந்தவை, மெல்லிய ரோமம், பொமரேனியனைவிடத் தாங்கும், சரி. ஆனால் அதை நம்பி பைக்கை ஓட்டிக்கொண்டு நாயைக் கயிற்றில் பிடித்து பக்கத்தில் ஓடவிடுகிறார்களே, அதைப் பார்த்தால் பதறுகிறது. குளிர் நாடான பிரிட்டனிலேயே கால்நடை மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்து 2020-இல் வெளியிட்டபோது, வெப்பத்தாக்கில் ஏறக்குறைய நாலில் மூன்று பங்கு ஓட்டத்தாலும் விளையாட்டாலும் வந்ததாகத்தான் இருந்தது. இரைத்துக்கொண்டே எசமான் பின்னால் ஓடும் பிராணி அது, தானாக நிற்காது. அப்புறம், வெள்ளை ராஜபாளையத்தின் ரோஸ் நிற மூக்கும் காதோரமும் வெயிலில் வெந்து புண்ணாகும்.

கத்திரி மே 4-இல் தொடங்கி 28 வரை என்பதால் அதற்கு முன்னால் ஜாக்கிரதை தேவையில்லை என்று நினைப்பதும் தப்பு. பங்குனியில் திடீரென்று ஏறும் வெயில்தான் நாய்க்குப் புதுசு, உடம்பு பழக சில வாரம் ஆகும்.

தெப்பக்குளத்தைச் சுற்றிச் சாயங்காலம் ஐந்து மணிக்கே நாயோடு நடப்பவர்கள் செருப்புப் போட்டிருக்கிறார்கள், நாய் போடவில்லை. புறங்கையைத் தார் ரோட்டில் ஏழு விநாடி வைத்துப் பாருங்கள், முடியாவிட்டால் திரும்பிவிடுங்கள். விடியற்காலைதான் நல்லது. மொட்டைமாடித் தகரக் கொட்டகையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். நிறுத்திய காருக்குள் பத்தே நிமிடத்தில் வெளியே இருப்பதைவிட பத்து டிகிரி ஏறிவிடும், கண்ணாடியை இரண்டு விரல் இறக்கி வைப்பதால் ஒரு பிரயோஜனமும் இல்லை. பொமரேனியனுக்கு மொட்டை போடாதீர்கள், உள்ரோமம் வெயிலையும் தடுக்கிறது, சில நாய்களுக்குத் திரும்பச் சரியாக முளைப்பதுமில்லை. சீவிவிட்டால் போதும்.

தாகத்துக்கு மோர் கொடுக்கலாம், கொஞ்சமாக. ஆனால் நாம் குடிப்பதற்குச் சின்ன வெங்காயம் தட்டிப் போட்ட மோரை ஊற்றாதீர்கள், வெங்காயம் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். திராட்சையும் ஆகாது. தர்ப்பூசணி விதை எடுத்துவிட்டுத் தரலாம். தண்ணீரை மண்சட்டியில் வையுங்கள், இரண்டு இடத்தில்.

வெப்பம் தாக்கிய பிறகு செய்யும் தவறுகள்தான் உயிரை எடுக்கின்றன. விடாத இரைப்பு, கெட்டியான எச்சில், ரத்தச் சிவப்பான ஈறு, தள்ளாட்டம், வாந்தி: இவற்றில் எதைப் பார்த்தாலும் முதலில் உடம்பைத் தொட்டுவிட்டு "காய்ச்சல் அடிக்குது" என்று நாம் போடும் பாராசிட்டமாலைத் தேடாதீர்கள். இது காய்ச்சல் இல்லை, மாத்திரைக்கு இறங்காது, ஈரலும் கெட்டுப்போகலாம். நாயின் சாதாரணச் சூடே 38-லிருந்து 39 டிகிரி செல்சியஸ், 41-ஐத் தாண்டினால் ஆபத்து. உடனே தண்ணீர் ஊற்ற வேண்டும். அங்கேதான் நான் இரண்டாவது தப்பைச் செய்தேன், பைப்பைத் திறந்து பிடித்தேன். மத்தியானம் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வரும் தண்ணீர் நாயைவிடச் சூடு. குடத்துத் தண்ணீரை எடுத்து ஊற்றுங்கள். ஐஸ் தண்ணீர் பட்டால் செத்துவிடும் என்று பயந்து காத்திருக்க வேண்டாம், வயதான, நோயுள்ள நாய்க்கு மட்டும் சாதாரணத் தண்ணீரும் காற்றும் போதும். ஈரத்துண்டைப் போர்த்தி அப்படியே விட்டால் அது சூடாகிச் சூட்டை உள்ளேயே வைத்துக்கொள்ளும். மயங்கிக் கிடக்கும் நாயின் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குப் போய்விடும். நன்றாக நனைத்த பிறகு டாக்டரிடம் கிளம்புங்கள், வழியெல்லாம் காற்றுப் படட்டும்.

எழுந்து வாலாட்டிவிட்டதே என்று வீட்டிலேயே வைத்துக்கொள்வதும் உண்டு. சிறுநீரகம் கெடுவதும் ரத்தம் உறைவதில் கோளாறு வருவதும் ஓரிரு நாள் கழித்துத்தான் தெரியும். மணிக்கு மூன்று நாளில் இரண்டு முறை ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். இப்போது அது பகல் முழுக்க குளியலறைத் தரையில்தான் படுக்கிறது, சங்கிலி ஆணியில் தொங்குகிறது.